எழுதியவர் பெயர் இல்லாத செய்தி

கட்டுரைக்கு ஆதாரமான செய்திகளைப் பட்டியலிடும் உசாத்துணைப் பக்கம் மறுபடியும் திரும்பி வந்தது. ஆய்வுக்கட்டுரை முழுவதையும் வாசித்து, இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் எழுதியிருந்த விரிவுரையாளர், கடைசித் தாள்களில் மட்டும் சிவப்பு மையைக் கொட்டியிருந்தார். திகதி எங்கே, பக்க எண் எங்கே, எழுதியவர் யார், தலைப்புக்கு ஏன் மேற்கோள்குறி இல்லை என்று வரிக்கு வரி கேள்விகள். இரத்தினபுரி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே அவற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன். பெல்மதுளை வரைக்கும் இருக்கை கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு நாற்பது கடந்திருந்தது. கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பித்துக்கொண்டு, வாரக் கடைசியில் பட்டப்படிப்பு வகுப்புகளுக்குப் போய்வந்தேன். பட்டம் இருந்தால்தான் அடுத்த தரம். இல்லாவிட்டால் இருக்கும் இடத்திலேயே இருந்து ஓய்வு பெற வேண்டியதுதான். விருப்பத்தோடு படித்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் தலைப்பை நானேதான் தேர்ந்தேன்: தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராததைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்பது. வராத பிள்ளைகளின் பெயரைத் தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறவளுக்கு அதைவிடத் தெரிந்த தலைப்பு வேறில்லை.

கட்டுரை எழுதுவது அவ்வளவு கடினமாக இல்லை. அந்தக் கடைசிப் பக்கம்தான் ஆளைக் கொன்றது. நான் சேர்த்துவைத்திருந்த செய்திகள் ஒரு ஒழுங்கில் வந்தவை அல்ல. சில, நூலகத்தில் எடுத்த ஃபோட்டோக்கொப்பிகள். அவற்றில் செய்தி இருக்கும், பத்திரிகையின் தலைப்பகுதி இருக்காது. சில, யாரோ ஃபோனில் படம் பிடித்து அனுப்பியவை. பக்க எண் இருக்க வேண்டிய மூலையில் படமெடுத்தவரின் கட்டைவிரல் இருக்கும். சில, இணையத்தில் கிடைத்தவை. அச்சில் ஒரு தலைப்பு, இணையத்தில் வேறொரு தலைப்பு. எதைப் போடுவது? இணையத்தில் பார்த்ததென்றால் பார்த்த நாளையும் போட வேண்டுமாம். பார்த்த நாளை யார் எழுதிவைத்தார்கள்?

கஹவத்தை ரவுணில், ஃபோட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்து கொடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில்தான் தட்டச்சு செய்வித்தேன். அங்கே இருந்தவள் ஒரு சிங்களப் பெண். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. விசைப்பலகையில் ஒட்டியிருந்த எழுத்துகளையும் என் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவாள். பிழை வராது. தமிழ் தெரிந்தவர்கள் விடும் பிழைகூட அவளுக்கு வராது. பத்திரிகையின் பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொன்னால், அந்த எழுத்துரு ஒழுங்காகச் சாயாமல், விழுகிற மரம்போல ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

"மிஸ், ஆயெத் வெனஸ் கலாத?" என்றாள் அன்றைக்கு, திரும்பவும் மாற்றிவிட்டார்களா என்று.

"மறுபடியும்தான் நங்கி" என்றேன். தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

"பவ்" என்று பாவப்பட்டுவிட்டுப் பழைய கோப்பைத் தேடினாள்.

எல்லாவற்றையும் ஓரளவுக்குச் சரிசெய்தோம். எழுதியவர் பெயர் முதலில், பிறகு மேற்கோள்குறிக்குள் தலைப்பு, பிறகு பத்திரிகை, திகதி, பக்கம். இரண்டாவது வரி உள்ளே தள்ளி வர வேண்டும். ஒரு செய்தி மட்டும் நின்றது. அதை எழுதியவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் நான் 'கஹவத்தை நிருபர்' என்று போட்டிருந்தேன். பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. விரிவுரையாளர் அதை வெட்டி, "இது பெயர் அல்ல. பெயரைக் கண்டுபிடிக்கவும். பக்க எண்ணும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

அந்தச் செய்தி எங்கள் தோட்டத்து மண்சரிவைப் பற்றியது.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சில வருஷங்களுக்கு முன்னால் மே மாதத்து மழையில், எங்கள் பாடசாலைக்கு மேலே இருந்த லயத்து வீட்டு வரிசையின் தொங்கலில், கடைசி வீட்டின் மீது மண் சரிந்தது. அந்த வீட்டில் இருந்த பிள்ளை என் வகுப்பு. பத்து வயது. அவளுடைய அம்மா ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். அப்பா கொழும்பில் ஒரு கடையில். வீட்டில் கைக்குழந்தையாக ஒரு தம்பி. அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போய்விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள்தான். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டால் குழந்தை அழுது அழுது காய்ச்சல் வந்துவிடும் என்பார்கள். ஆகவே இவள் பள்ளிக்கூடத்துக்கு வருவது அபூர்வம். ஆனால் மழை பெய்தால் வருவாள். மழையில் பால் வெட்ட முடியாது, சிரட்டையில் தண்ணீர் நிரம்பிவிடும். அம்மா வீட்டில் இருப்பார். மற்றப் பிள்ளைகள் பலரும் மழையென்று நின்றுவிடும் நாளில், இவள் ஒரு பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்த சப்பாத்தோடு வந்து முன் வாங்கில் உட்காருவாள். பாதி வகுப்பு காலியாக இருக்கும். நானும் அவளும் இன்னும் சிலரும் என்று நிதானமாகப் பாடம் நடக்கும். அந்த நாட்கள் எனக்குப் பிடிக்கும்.

அந்த முறை மழை அளவுக்கு மிஞ்சியதால் மாகாணத்துப் பாடசாலைகளை மூடிவிட்டார்கள். மழை நாள்தான், ஆனால் வருவதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். பிள்ளை அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாளாம். மண் வந்தது.

பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன என்ற வரிக்காகத்தான் அந்தச் செய்தியை என் கட்டுரையில் காட்டியிருந்தேன். கைவசம் இருந்தது ஃபோனில் வந்த ஒரு மங்கல் படம். மேல் பத்தி மட்டும்தான் வாசிக்கும்படி இருக்கும். கீழே உள்ளதைப் பெரிதாக்கிப் பார்க்க நான் முயலவும் இல்லை. பத்திரிகை வந்த அன்றைக்கு நான் செத்த வீட்டில் இருந்தேன். அதன்பிறகு அதை வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

கஹவத்தை நிருபர் யாரென்று கேட்டபோது, கடைக்காரப் பெண்ணே கையைக் காட்டினாள். பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர். அடையாள அட்டைக்குப் படமெடுப்பதும், கலியாணப் படங்களுக்குச் சட்டம் போடுவதும் தொழில். தேவாலயத்துப் பாடகர் குழுவிலும் இருப்பவர் என்பதால் கிறிஸ்மஸ் காலத்தில் தோட்டங்களுக்கு வருவார். முகம் எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் போன நேரத்தில் ஒரு கைக்குழந்தையைப் படமெடுக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் தாய் போகும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உட்காரக் கிடைத்ததே பெரிதாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"எம்பேரா? பேரெல்லாம் போட மாட்டாங்க டீச்சர். நிருபர்னுதான் போடுவாங்க. அது நல்லதுதான். இந்த ஊருல கடை நடத்தணுமே."

"பல்கலைக்கழகத்துல கேக்குறாங்க."

"அவுங்களுக்கு என்ன, கேப்பாங்க. தோட்டத்துத் துரை கேட்டா நான் என்ன சொல்றது? அந்த லயம் ஆபத்துன்னு தோட்டத்துக்கு முந்தியே தெரியும்னு அதுல எழுதியிருந்தேன். அதுக்கே ரெண்டு மாசம் தோட்டத்துப் பக்கம் போகல." பிறகு கொஞ்சம் யோசித்து, "பக்கம் வேணும்னா பாத்துச் சொல்லலாம். என்னோட செய்தி வந்த பேப்பர நான் எறியிறதில்ல" என்றார்.

உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். தேடியெடுத்து, மேசையில் விரித்துக் கொடுத்தார். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன். வந்த வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முழுப் பத்திரிகை, அச்சு தெளிவாக, கண்ணுக்கு முன்னால் இருந்தது. வாசித்தேன்.

கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: அந்த மாணவி ஒரு நாளும் பாடசாலைக்கு வரத் தவறாதவர் என்றும், வகுப்பிலேயே கெட்டிக்காரி என்றும் அவரது வகுப்பாசிரியை கண்ணீர் மல்கத் தெரிவித்தார்.

அந்த வகுப்புக்கு ஆசிரியை நான் ஒருத்திதான்.

"இது நான் சொல்லலையே" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா. நீங்க சொல்லல."

"என்கிட்ட நீங்க பேசவே இல்லையே சேர்."

"பேசலதான். நீங்க அன்னைக்கிச் செத்த வீட்டுல சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னீங்க. கேக்க எனக்கு மனசு வரல." பத்திரிகையை மடிக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "புள்ளையோட அம்மாதான் சொன்னாங்க. எங்கையப் புடிச்சுக்கிட்டு, எம்புள்ள படிக்கிற புள்ளன்னு போடுங்க சேர்னு சொன்னாங்க. போடாம வர முடியுமா? தாய் சொன்னாங்கன்னு போட்டா, எல்லாத் தாயும் அப்பிடித்தானே சொல்லும்னு கொழும்புல வெட்டிருவாங்க. டீச்சர் சொன்னதா போட்டா நிக்கும். நின்னுச்சு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கோபப்படவில்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும். பிளேன்டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கையில் எப்போதும் அந்தப் புகை வாசம் இருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப அத எடுத்துட்டா என்ன? வேற செய்தி இல்லையா?"

"இருக்கு."

"அப்ப எடுத்துரு. ஒனக்கும் நிம்மதி."

சொல்வது சரிதான். ஒரு வரியை நீக்கினால் பட்டியல் முடிந்துவிடும். பெயரும் தேட வேண்டாம், நான் சொல்லாததை நானே ஆதாரமாகக் காட்டவும் வேண்டாம். எழுதும் விஷயமோ பள்ளிக்கூட வரவு. தவறாமல் வந்தாள் என்று அச்சில் இருக்கிறது. அவள் எப்போது வந்தாள், எதனால் வந்தாள் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே கட்டுரைக்குள் வைத்துக்கொண்டு எப்படிக் கையெழுத்துப் போடுவது? இருந்தும் எடுக்க மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி அச்சில் இருப்பது அது ஒன்றுதான்.

அந்த அம்மா இப்போது பால் வெட்டப் போவதில்லை. மண்சரிவுக்குப் பிறகு ரப்பர் மலைக்குப் போக முடியாதென்று சொல்லிவிட்டார். கீழ்ப்பிரிவில் கட்டிக் கொடுத்த வீடொன்றில் இருந்துகொண்டு, எங்கள் பாடசாலையில் பிள்ளைகளின் பகல் உணவைச் சமைக்கிறார். தினமும் பார்க்கிற முகம். இத்தனை வருஷத்தில் அந்தச் செய்தியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

திங்கட்கிழமை இடைவேளைக்குப் பிறகு சமையலறைக்குப் போனேன். பெரிய சட்டியில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பலாக்கொட்டையைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஆசிரியர்கள் உள்ளே வருவது குறைவு என்பதால் எழப் பார்த்தார். இருங்க என்று சொல்லி நானும் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. படிப்புக்காக அந்தப் பத்திரிகையைப் பார்த்தேன், அதில் நான் சொன்னதாக ஒன்று போட்டிருக்கிறார்கள், நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லி முடித்தேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"நீங்க சொன்னதுதானே டீச்சர்."

"நானா? யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான். ஒரு மழை நாளு நான் புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன். வாசல்ல வச்சு சொன்னீங்க. இவ தெனமும் வந்தா இந்தக் கிளாஸ்லயே இவதான் மொதோ பிள்ளைன்னு. எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு. வூட்டுக்குப் போற வழி பூரா அவ அதையே சொல்லிச் சொல்லிக் குதிச்சுக்கிட்டு வந்தா."

அந்த வார்த்தைகள் என்னுடையவைதான். அந்த நாளை எனக்கு நினைவில்லை. ஆனால் அப்படி நான் சொல்லாத பெற்றோர் கிடையாது. தினமும் அனுப்புங்க, வந்தா முதலாவதா வரும் என்று வாசலில் நின்று சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. பாதிப் பேரிடம் அதை நம்பித்தான் சொல்கிறேனா என்பது எனக்கே தெரியாது. இவளைப் பற்றி நம்பித்தான் சொல்லியிருப்பேன். மழை நாட்களில் கணக்கை மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"'தெனமும் வந்தா'ன்னுதானே சொல்லியிருப்பேன், வர்றான்னு இல்லையே" என்றேன்.

"ஆமா, 'வந்தா'ன்னுதான் சொன்னீங்க." பலாக்கொட்டைகளைத் தண்ணீரில் போட்டார். "அந்த ஸ்டூடியோக்காரருகிட்ட அத நான் எப்பிடிச் சொல்றது டீச்சர்? 'அவ தெனமும் வந்தா'ன்னு சொன்னா, அப்ப ஏன் வரலைன்னு கேப்பாரு. நான் அனுப்பலைன்னு சொல்லணும். பெட்டிய வச்சுக்கிட்டு அதையா சொல்லுவேன்?"

விறகு சரியாக எரியாமல் புகைந்தது. குனிந்து ஊதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் எரிந்தது.

"அந்தப் புத்தகத்துல புள்ள பேரு வருமா?" என்று கேட்டார்.

"வராது. செய்தியோட தலைப்பு மட்டும்தான் வரும். தலைப்புல மாணவின்னுதான் இருக்கு."

"பரவால்ல. பேப்பர்லயே பேர தப்பாத்தான் போட்டிருந்தாங்களாம். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் சொன்னாரு." பிறகு, "இருக்கட்டும் டீச்சர், எடுத்துறாதீங்க" என்றார்.

எடுக்கப்போவதாக நான் அவரிடம் சொல்லவே இல்லை.

மறுநாள் பிற்பகல் விரிவுரையாளருக்கு ஃபோன் எடுத்தேன். என்னைவிட வயதில் இளையவர். கைக்குழந்தைக்காரி, பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் எப்போதும் கேட்கும். எழுதியவரின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அவர் போட வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மற்றதையும் சொன்னேன். அந்தச் செய்தியில் வரும் வகுப்பாசிரியை நான்தான், அதில் இருப்பது நான் சொன்னதும்தான், சொல்லாததும்தான் என்று.

குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார்.

"நீங்க அந்தச் செய்திய என்னத்துக்குக் காட்டியிருக்கீங்க?"

"ஸ்கூல் மூடியிருந்ததுக்கு மேடம்."

"அது உண்மைதானே?"

"உண்மை."

"அப்ப அதுக்கு மட்டும் காட்டுங்க. மத்த வரிய நீங்க கட்டுரைக்குள்ள எடுக்கலதானே?"

"இல்ல."

"அப்ப பிரச்சினை இல்ல. பேரு அச்சுல இல்லாட்டி நாம சேக்கக்கூடாது. நான் பிழையா எழுதிட்டேன் அதுல. தலைப்புல இருந்து தொடங்குங்க." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க அந்த ஸ்கூல்னு எனக்குத் தெரியாது டீச்சர்." அதுவரைக்கும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்.

கொமினிகேஷன் கடைக்குக் கடைசியாக ஒருமுறை போனேன். தலைப்பு முதலில் வந்ததால் அகரவரிசையில் அந்தச் செய்தியின் இடம் மாறியது. ககரத்தில் இருந்ததை மகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அகரவரிசை தெரியாது. நான் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் வெட்டி ஒட்டினாள். மேற்கோள்குறி, பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம்.

"மேக்க மொனவா கேனத மிஸ்?" என்று கேட்டாள். இது எதைப் பற்றியது என்று. இவ்வளவு நாளும் தட்டச்சு செய்ததில் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

மண்சரிவு என்பதைச் சிங்களத்தில் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளை என்றேன். தன் சித்தியின் வீடும் அந்த வருஷம்தான் போனது என்றாள், ஆட்கள் தப்பிவிட்டார்கள் என்றாள். பிறகு அச்சுக்குக் கொடுத்தாள்.

கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஏன் இந்தப் பத்திரிகைகளை மட்டும் எடுத்தீர்கள், முடிவுரை ஏன் இவ்வளவு சுருக்கம் என்று கேட்டார்கள். முடிவுரை எழுதும்போது களைத்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? எதையோ சொன்னேன். உசாத்துணைப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. ஒருவர் கட்டுரையை மூடும்போது மட்டும் அந்தத் தாள் அவர் விரலில் பட்டது; பட்டபடியே மூடிவிட்டார்.

பட்டம் கிடைத்தது. பதவி உயர்வுக் கடிதம் இன்னும் வரவில்லை. வலயக் காரியாலயத்தில் வரும் என்கிறார்கள். இப்போது என் வகுப்பில் மழைக்கு மட்டும் வருகிற இன்னொரு பிள்ளை இருக்கிறான். அவனுடைய அம்மா போன வாரம், பள்ளிக்கூடம் முடியுமுன்பே அவனைக் கூட்டிப்போகக் குடையோடு வாசலில் வந்து நின்று, "எப்பிடி டீச்சர் படிக்கிறான்?" என்று கேட்டார். வழக்கமாகச் சொல்வது வாயில் வந்தது. வந்ததை நிறுத்தி, "இன்னைக்கி வாசிப்பு நல்லா செஞ்சான்" என்றேன். அன்றைக்கு அவன் செய்தது அது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, பையனைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு இன்னும் இரண்டு பாடவேளை இருந்தது.